ஸ்காட்லாந்து கிராமமும் எங்கள் சங்கத்து ஆண்டு விழாவும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் எதிர் ஃப்ளாட் வங்காளித் தாத்தாவுக்கு எண்பதாவது பிறந்தநாள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் சோபாவை ஓரமாகத் தள்ளினார்கள், தரையில் விரிப்பைப் போட்டார்கள், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஹார்மோனியம் வெளியே வந்தது. அப்புறம் ஒவ்வொருவராகப் பாடினார்கள். மருமகள் பாடினார், பேரன் பாடினான், நடுநடுவே இருமிக்கொண்டே தாத்தாவும் பாடினார். யாரும் கை தட்டவில்லை. பாதிப் பாட்டில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அதில் ஒன்று தாகூரின் 'புரானோ ஷேய் தினேர் கொதா'. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் என் காதில், "அப்பா, இது நியூ இயர் பாட்டு மெட்டுப்பா" என்றாள். தாத்தாவுக்குக் கேட்டுவிட்டது. "சரியாகச் சொன்னாய், அது ஸ்காட்லாந்து மெட்டு" என்று சிரித்தார். ஆமாம், டிசம்பர் 31 நள்ளிரவில் உலகம் முழுக்கப் பாடும் 'ஆல்ட் லாங் சைன்' மெட்டுதான். தாகூர் அதை எடுத்து வங்காளமாக்கிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் வினை. "பௌமா, நீ ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடேன்" என்று என் மனைவியைக் கேட்டார் தாத்தா. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். அவள், "கரோக்கி டிராக் இல்லாம எப்படிப்பா?" என்றாள். கடைசியில் நாங்கள் மூன்று பேருமே பாடவில்லை. இத்தனைக்கும் நான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொருளாளர். வருடா வருடம் ஆண்டு விழாவுக்கு ஹால் வாடகை, மைக் செட், பொன்னாடை என்று வவுச்சர் போடுகிறவன்.

அன்று ராத்திரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மெட்டு பிறந்த ஊரில் ஜனங்கள் எப்படிக் கூடினார்கள், எங்கே உட்கார்ந்து பாடினார்கள், இப்போதும் பாடுகிறார்களா என்று படிக்க ஆரம்பித்தேன். அந்தப் படிப்பின் விளைவுதான் இது. (முன்னெச்சரிக்கை: நான் ஸ்காட்லாந்து போனதில்லை. எல்.எஃப்.சி.யில் நான் போன அதிகபட்ச தூரம் அந்தமான். பி.காம். படித்தவனுக்கு சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள்.)

விருந்தாளி என்று ஒரு சொல்

முதலில் ஒரு விஷயம். ஸ்காட்லாந்து என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு உலகங்கள். தெற்கேயும் கிழக்கேயும் சமவெளி. அங்கே ஆங்கிலத்துக்குச் சொந்தக்காரியான ஸ்காட்ஸ் மொழி. வடக்கேயும் மேற்கேயும் மலைகள், தீவுகள். அங்கே கேலிக் மொழி. (நம்ம 'கேலி' இல்லை. அயர்லாந்து மொழிக்குத் தங்கை மாதிரி.)

அந்த மலை, தீவுக் கிராமங்களில் ஊர் கூடிப் பாடுவதற்குப் பெயர் 'கெய்லி'. இன்றைக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் நடன விருந்துதான் ஞாபகம் வரும். ஆனால் அதன் பழைய பொருள் ரொம்ப எளிமையானது: ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது. அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நம் அம்மாக்கள் கிளம்புவார்களே, அதுதான் கெய்லி. பாட்டும் கதையும் அதற்குப் பின்னால் தானாக வந்தவை.

ஏன் வந்தன என்பதற்கு அந்த ஊர் சூரியனே காரணம் சொல்லும். வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவில் டிசம்பரில் சூரியன் எழுவதே காலை ஒன்பது மணிக்கு மேல். மாலை மூன்றரை மணி வாக்கில் மறைந்துவிடும். பதினேழு மணி நேர இருட்டு. மின்சாரம் இல்லாத காலம். வெளியே அட்லாண்டிக் காற்று. அவ்வளவு நீளமான ராத்திரியைத் தனித்தனி வீட்டில் கழிக்க முடியுமா? ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகள் 'கெய்லி வீடு' என்று பெயர் வாங்கிவிடும். நல்ல கதைசொல்லியோ பாட்டுக்காரரோ இருக்கும் வீடு. அழைப்பிதழ் கிடையாது. கதவைத் தட்டும் வழக்கமும் கிடையாது.

வீடு என்றால் பெரிய வீடு இல்லை. 'கறுப்பு வீடு' என்பார்கள். தடித்த கல் சுவர், கூரை வேய்ந்தது, புகைபோக்கி இல்லாதது. நடுத்தரையில் நெருப்பு. விறகுக்கு மரம் இல்லாத ஊர் என்பதால் சதுப்பு நிலத்தில் 'பீட்' என்ற மண்கட்டியை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அதே கூரையின் கீழ் ஒரு பக்கம் மாடு. லூயிஸ் தீவில் ஆர்னல் என்ற ஊரில் இப்படி ஒரு வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1960-கள் வரை அதில் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள்.

இந்த வீடுகளுக்குள் 19-ஆம் நூற்றாண்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அலெக்சாண்டர் கார்மைக்கேல் (1832–1912). அவர் வேலை கலால் துறையில். சாராய வரி வசூலிக்கத் தீவு தீவாகப் போனவர், போன இடத்தில் எல்லாம் நெருப்போரம் உட்கார்ந்து பாட்டையும் பிரார்த்தனையையும் எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய தொகுப்பின் முதல் இரண்டு பாகங்கள் 1900-ல் வந்தன. (கணக்குப் பிள்ளை வேலைக்காரனுக்கும் ஒரு உபயோகம் உண்டு என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் கண்டுகொள்ளவில்லை.)

அவர் வர்ணிக்கும் கெய்லி வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வீட்டுக்காரர் ஹெதர் என்ற புதர்ச்செடியின் குச்சியை முறுக்கிக் கயிறு திரிக்கிறார். வீட்டுக்காரி ராட்டையில் நூற்கிறாள். மகள் கம்பளியைச் சிக்கெடுக்கிறாள். கை வேலை செய்துகொண்டிருக்கும், காது கதையில் இருக்கும். முதல் கதை வீட்டுக்காரர் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு விடியும் வரை விருந்தாளி சொல்ல வேண்டும் என்பது அங்கே பழமொழியாகவே இருந்தது. இந்தப் பழமொழியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்ப வருவேன்.

பாட்டே வேலை, வேலையே பாட்டு

பெண்களுக்கென்று தனிக் கூட்டம் ஒன்று இருந்தது. நெய்த கம்பளித் துணி தறியிலிருந்து வரும்போது தளர்வாக இருக்கும். அதை நனைத்து, நீள மேஜையில் போட்டு, சுற்றி உட்கார்ந்த பெண்கள் தாளத்தோடு அடித்து அடித்து இறுக்குவார்கள். ஆங்கிலத்தில் 'வாக்கிங்' (காலை நடை இல்லை). ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்வார்கள். நாற்று நடும் வயலில் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே பாட்டை ஒரே துணிக்கு இரண்டு தடவை பாடினால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை. அதனால் ஒவ்வொருத்தியும் நிறைய பாட்டுத் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது. காதல், வம்பு, இறந்துபோன புருஷனுக்கு ஒப்பாரி, ஊர்ப் பையன்களைக் கிண்டல் எல்லாமே அதில் உண்டு. சில பாட்டுகள் முந்நூறு வருஷத்துக்கு மேல் பழையவை. எழுதி வைக்காமலே வந்தவை.

(துணியை நனைக்க எதைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லியே ஆக வேண்டும்: பல நாள் சேர்த்துவைத்துப் புளித்த சிறுநீர். அதிலுள்ள அம்மோனியா சாயத்தைப் பிடித்துக்கொள்ள வைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். அதை முகர்ந்துகொண்டே பாடிய பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள் :-) )

துணி இறுகியதும் மேஜையை ஒதுக்கிவிட்டு ஆட்டம். ஃபிடிலோ பேக்பைப்போ இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. யாராவது ஒருவர் வாயாலேயே நடன மெட்டை வேகமாகப் பாடுவார். வார்த்தைகளுக்குப் பெரிய அர்த்தம் இருக்காது, தாளம்தான் முக்கியம். இதற்கு 'வாய் மெட்டு' என்றே பெயர்.

தெற்கே ஒரு கிராமத்து இளைஞன்

இனி 'ஆல்ட் லாங் சைன்' ஊருக்குப் போவோம். அது கேலிக் பக்கம் இல்லை, சமவெளிப் பக்கம். ராபர்ட் பர்ன்ஸ் 1759-ல் ஏர்ஷயரில் அலோவே என்ற ஊரில் விவசாயி மகனாகப் பிறந்தவர். அப்பாவுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் நடன வகுப்புக்குப் போனவர். 1780-ல் பக்கத்து டார்போல்டன் கிராமத்தில் ஏழெட்டு வாலிபர்களோடு ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெயர் 'பிரம்மச்சாரிகள் சங்கம்'. உழைத்துக் களைத்த பின் மாதம் ஒரு ராத்திரி கூடி விவாதம் செய்வார்கள். உறுப்பினர் ஆக ஒரு நிபந்தனை, குறைந்தது ஒரு பெண்ணையாவது காதலிப்பவராக இருக்க வேண்டும்! அவர்கள் கூடிய கூரை வீடு இன்றும் இருக்கிறது.

பர்ன்ஸும் பிற்காலத்தில் கலால் துறை ஊழியர்தான் என்பது எனக்கு ஒரு ஆச்சரியம். வேலையோடு வேலையாக ஊர் ஊராகப் பழைய பாட்டுகளைச் சேகரித்து, திருத்தி, எடின்பரோவில் அச்சான ஒரு பெரிய பாட்டுத் தொகுப்புக்கு அனுப்பினார். 'ஆல்ட் லாங் சைன்' அதில் 1796-ல் வெளியானது, அவர் இறந்த அதே வருடம். ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டதாக அவரே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஆக, உலகம் முழுக்கப் பாடும் பாட்டின் ஒரு நுனி, பெயர் தெரியாத ஒரு கிழவரின் தொண்டையில் இருக்கிறது.

1801 ஜூலையில், பர்ன்ஸ் இறந்து ஐந்து வருடம் ஆனபோது, ஒன்பது பேர் அலோவேயில் அவர் பிறந்த வீட்டில் கூடிச் சாப்பிட்டு, அவர் கவிதையைப் படித்தார்கள். ஒரு சாப்பாட்டு மேஜை, ஒன்பது பேர். இன்று ஜனவரி 25 வாக்கில் உலகமெங்கும் நடக்கும் 'பர்ன்ஸ் விருந்து' அதிலிருந்து முளைத்ததுதான். கொல்கத்தாவுக்கும் இதெல்லாம் கப்பலில் வந்து சேர்ந்தது. ஹூக்ளிக் கரை சணல் ஆலைகளின் மேனேஜர்களும் மெக்கானிக்குகளும் பெரும்பாலும் டண்டீ ஊர்க்காரர்கள். அவர்களுக்கு முன் வந்த வியாபாரிகள், பாதிரிகள், சிப்பாய்கள் வேறு. கரையா ரோட்டில் 1820-ல் ஏற்பட்ட ஸ்காட்டிஷ் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. படித்து முடித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கல்லுக்குக் கல், பிறந்த ஊரின் பெயர். மாற்றலில் வந்து திரும்பிப் போகாதவர்கள்.

மூன்று அடிகள்

சரி, அவ்வளவு உயிரோடு இருந்த கெய்லி வீடு என்ன ஆனது? படித்தவரை மூன்று அடிகள் விழுந்தன.

முதல் அடி நிலம். ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை கிடைக்க ஆரம்பித்ததும், ஜமீன்தார்களுக்கு மனிதர்களைவிட ஆடுகள் லாபமாகிவிட்டன. வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-லும் 1819-லும் குடும்பங்களைக் காலிசெய்ய வைத்து வீடுகளைக் கொளுத்தினார்கள். தெற்கு உயிஸ்ட், பாரா தீவுகளில் 1851-ல் ஒரே வருடத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கனடாவுக்குக் கப்பலேற்றினார் நில உரிமையாளர். குத்தகை விவசாயிகளுக்கு நிலத்தில் இருக்கும் உரிமையைச் சட்டம் தந்தது 1886-ல்தான். அதற்குள் பல ஊர்களில் நெருப்பும் இல்லை, சுற்றி உட்கார ஆளும் இல்லை.

இரண்டாவது அடி பிரசங்கம். 19-ஆம் நூற்றாண்டில் தீவிரமான கிறிஸ்தவ மறுமலர்ச்சி பல தீவுகளில் பரவியது. 1843-ல் 'சுதந்திரத் திருச்சபை' பிரிந்த பிறகு அது இன்னும் வலுத்தது. ஆட்டமும் ஃபிடிலும் பாவக் கணக்கில் சேர்ந்தன. எக் என்ற சின்னத் தீவில் ஒரு முதிய ஃபிடில்காரர் பற்றிக் கார்மைக்கேல் எழுதியிருக்கிறார். போதகர் அவரைச் சபையில் வைத்துத் திட்டிவிட்டார். ஃபிடிலை எரித்துவிடு என்று வீட்டாரும் நெருக்கினார்கள். கடைசியில் தெருவியாபாரி ஒருவனுக்குப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்துவிட்டார். வாலிபத்தில் அதை வாங்க அப்பாவின் தொழுவத்திலேயே சிறந்த பசுவைக் கொடுத்திருந்தாராம். கிடைத்த காசு பற்றி அவருக்கு வருத்தமில்லை, பிரிந்ததுதான் தாங்கவில்லை. இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கடனை வசூல் செய்ய நகையை ஏலம் விட்டவன் நான். அடகுக் கடையில் வைக்கிற பொருளின் எடை நமக்குத் தெரியும், விலை நமக்குத் தெரியாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே திருச்சபைதான் இன்னொரு பெரிய கூட்டிசையைக் காப்பாற்றியது. கேலிக் சங்கீதப் பாடல்களை ஒருவர் முதலில் எடுத்துக் கொடுக்க, சபை முழுக்க ஒவ்வொருவரும் தன் தன் கமகத்தோடு பின்தொடர்வார்கள். வாத்தியம் எதுவும் கிடையாது. ஒலிப்பதிவைக் கேட்டுப் பாருங்கள், கடல் அலை மேலே வருகிற மாதிரி இருக்கும். பாரா, தெற்கு உயிஸ்ட் போன்ற தீவுகள் கத்தோலிக்கமாகவே இருந்ததால் அங்கே பழைய பாட்டுகள் அதிகம் தப்பின.

மூன்றாவது அடி பள்ளிக்கூடம். 1872 கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்றது, நல்லது. ஆனால் கேலிக் மொழி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முன்பேகூட நிலைமை இதுதான். இஸ்லே தீவில் பள்ளி விட்டுப் போகும் வழியில் கேலிக் பாட்டுப் பாடிய பெண் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு, விரலில் ரத்தம் கசிய அடித்த ஒரு வாத்தியார் பற்றியும் கார்மைக்கேல் எழுதியிருக்கிறார். பிழைப்புக்கு ஆங்கிலம், வீட்டுக்குக் கேலிக் என்று ஆரம்பித்தது. ஒரு தலைமுறை கழித்து வீட்டுக்கும் ஆங்கிலமே ஆனது. அந்தப் பெற்றோர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகளுக்கு மூன்று வயதில் நாங்களும் அதையேதான் யோசித்தோம்.

பாலத்துக்கு அடியில் ஒரு ஊர்

ஊரைவிட்டுப் போன எல்லோரும் கனடா போகவில்லை. பலர் கிளாஸ்கோவுக்குப் போனார்கள். கப்பல் கட்டும் தளம், போலீஸ் வேலை, பெண்களுக்கு வீட்டு வேலை. ஆர்கைல் தெருவுக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷனின் ரயில் பாலம் போகிறது. அதன் அடியில் நின்றால் மழை படாது. வாடகை கிடையாது. விடுமுறை மாலைகளில் மலைநாட்டுக்காரர்கள் அங்கே கூடி ஊர்க்கதை பேசினார்கள். இன்றும் அந்த இடத்துக்கு 'மலைநாட்டான் குடை' என்றுதான் பெயர். லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கப் போன இடத்தில் நின்று அரைமணி நேரம் பேசுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுத்தது சங்கங்கள். அந்தந்தத் தீவுக்கு, அந்தந்தப் பகுதிக்கு ஒரு சங்கம். ஹால் பிடித்து, டிக்கெட் அடித்து, பாடகரை மேடையேற்றி நடத்திய நிகழ்ச்சிக்கும் 'கெய்லி' என்றே பெயர் வைத்தார்கள். சொல் அதேதான், உள்ளே இருந்தது மாறிவிட்டது. முன்பு எல்லோரும் பாடினார்கள், இப்போது சிலர் பாட மற்றவர்கள் நாற்காலியில். 1891-ல் ஓபன் நகரத்தில் கேலிக் சங்கம் ஒன்று அமைந்து, மறு வருடமே 'மோட்' என்ற போட்டி விழாவை நடத்தியது. நடுவர், மதிப்பெண், தங்கப் பதக்கம். உலகப் போர்க் காலங்களிலும் கொரோனாவிலும் தடைப்பட்டாலும் இன்றுவரை நடக்கிறது.

மோட் விழாவைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. கிராமத்துக் குரலைச் சீவிச் சிங்காரித்து பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டது என்பார்கள். பொருளாளராக எனக்கு அவர்கள் மேல் பரிதாபம்தான் வருகிறது. ஊர் இல்லாத இடத்தில் ஊரை நடத்த வேறு என்ன வழி? ஹால் பிடிக்காமல் இருநூறு குடும்பத்தை எங்கே உட்கார வைப்பது? மேடை போட்டதால்தான் அந்தப் பாட்டுகள் இருக்கின்றன என்பதும் உண்மை. போட்டி முடிந்த பிறகு விழா ஊரின் மதுக்கடைகளில் விடிய விடிய நிஜமான கெய்லி நடக்கும் என்பதும் உண்மை!

கிராமத்திலேயே இருந்தவர்கள் வேறு ஒரு வழி கண்டார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பல ஊர்களில் இறந்த வீரர்கள் ஞாபகார்த்தமாகப் பொது மண்டபம் கட்டினார்கள். கெய்லி அங்கே குடியேறியது. அக்கார்டியன், ஃபிடில், டிரம்ஸ். சுரங்கத் தொழிலாளியாக இருந்து அக்கார்டியனால் புகழ்பெற்ற ஜிம்மி ஷேண்ட் (1908–2000) இந்த இசையை வானொலியில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். இந்த மண்டப ஆட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம், ஜோடி மாறிக்கொண்டே இருப்பது. எட்டு வயதுப் பேத்தி, எழுபது வயதுத் தபால்காரர், டாக்டர், மீனவர் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தே ஆக வேண்டும். நடுவே தேநீர், சாண்ட்விச், குலுக்கல் பரிசு. ஆடத் தெரியாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் இழுத்துவிட்டுக் கற்றுக்கொடுப்பார்.

போனவர்கள் திருப்பிக் கொடுத்தது

1929-ல் மார்கரெட் ஃபே ஷா என்ற அமெரிக்கப் பெண் தெற்கு உயிஸ்ட் தீவுக்குப் போனார். இரண்டு சகோதரிகளின் வீட்டில் ஆறு வருடம் தங்கினார். பீட் சுமந்தார், மாடு பார்த்துக்கொண்டார், பாட்டுக் கற்றுக்கொண்டார். அவர் புத்தகம் 1955-ல் வந்தது. 1951-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி ஏற்பட்டு, டேப் ரெக்கார்டரோடு ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பதிவுகளில் ஏராளமானவற்றை இன்று இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். நடுவில் நாய் குரைக்கும், யாரோ கோப்பையைக் கீழே வைப்பார்கள். எனக்கு அந்தச் சத்தங்கள்தான் ரொம்பப் பிடித்தன. பாட்டு வீட்டுக்குள் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

பாட்டு பெட்டிக்குள் பத்திரம், ஆனால் பிள்ளைகள்? 1981-ல் பாரா தீவில் சிலர் கவலைப்பட்டார்கள். தங்கள் தீவுப் பிள்ளைகளுக்குத் தங்கள் தீவுப் பாட்டே தெரியவில்லையே என்று. ஒரு முகாம் நடத்தினார்கள். 'ஃபேஷ்' என்று பெயர், விழா என்று அர்த்தம். போட்டி கிடையாது, பதக்கம் கிடையாது. ஊர் ஆட்களே சொல்லிக்கொடுப்பார்கள். இன்று ஸ்காட்லாந்து முழுக்க இப்படி நாற்பதுக்கும் மேல் நடக்கின்றன.

நம் மாதிரி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இன்னொன்று. கனடாவின் கேப் பிரெட்டன் தீவுக்குத் துரத்தப்பட்டவர்கள், தங்கள் அடுக்களைகளில் ஃபிடிலையும் காலடி நடனத்தையும் விடாமல் வைத்திருந்தார்கள். தாய்நாட்டில் அந்த நடனம் பெரும்பாலும் மறைந்தே போய்விட்டது. 1990-களில் கேப் பிரெட்டன் ஆட்களை வரவழைத்துத் தெற்கு உயிஸ்ட் தீவில் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். 1996-ல் அதற்கென்று ஒரு கோடைப் பள்ளியே தொடங்கியது. போனவர்களின் பேரப்பிள்ளைகள், இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்!

இதோடு முடித்தால் சினிமா மாதிரி சுபம். ஆனால் கணக்கையும் சொல்ல வேண்டுமே. 1891 கணக்கெடுப்பில் கேலிக் பேசியவர்கள் சுமார் 2.5 லட்சம். 2011-ல் சுமார் 57,000. 2022 கணக்கெடுப்பில் ஓரளவாவது கேலிக் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 1.3 லட்சம், முந்தைய கணக்கெடுப்பைவிடக் கூடுதல். 2025-ல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கேலிக், ஸ்காட்ஸ் இரண்டுக்கும் அதிகாரபூர்வ அந்தஸ்து தரும் சட்டத்தை நிறைவேற்றியது. பேலன்ஸ் ஷீட்டின் ஒரு பக்கம் நன்றாகவே இருக்கிறது.

மறு பக்கம்: தீவுக் கிராமங்களில் கேலிக் அன்றாடப் பேச்சாக இருப்பது பத்து வருடத்துக்குள் நின்றுபோகலாம் என்று 2020-ல் ஒரு விரிவான ஆய்வு எச்சரித்தது. அதாவது, வகுப்பில் கற்றுக்கொள்பவர்கள் கூடுகிறார்கள், அடுக்களையில் பேசுபவர்கள் குறைகிறார்கள். பாட்டை மேடையும் டேப்பும் காப்பாற்றிவிடுகின்றன. பேச்சைக் காப்பாற்ற ஒரு வீடும், அந்த வீட்டுக்கு வந்துபோகிற நாலு பேரும் தேவைப்படுகிறார்கள். இந்த ஒரு மாதப் படிப்பில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

எங்கள் சங்கத்து ஆண்டு விழா வழக்கம்போல் நடக்கும். வவுச்சர் போடத்தான் போகிறேன். அது வேண்டும். அதோடு, போன இரண்டாம் சனிக்கிழமை (வங்கி லீவு!) பக்கத்திலிருக்கும் மூன்று தமிழ்க் குடும்பங்களை வீட்டுக்கு வரச்சொன்னேன். மைக் இல்லை, டிராக் இல்லை. மனைவி அடை வார்த்துக்கொண்டிருந்தாள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் எல்லோரும் ஆபீஸ் கதையே பேசினோம். யாரும் ஆரம்பிக்கிற மாதிரி தெரியவில்லை.

முதல் முறை வீட்டுக்காரருடையது என்ற அந்தப் பழமொழி ஞாபகம் வந்தது. என் ஆத்தா களத்துமேட்டில் பாடும் பாட்டு ஒன்று. பாதிதான் தெரியும். சுருதி சேரவில்லை. பாடிவிட்டேன். முடித்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, நடுவுல ஒரு வார்த்தை வந்துச்சே, பொலின்னு. அப்படின்னா என்னப்பா?"

தமிழில் கேட்டாள். களத்தில் தூற்றிக் குவித்த நெல் என்று சொல்ல ஆரம்பித்து, களம், தூற்றுவது, ஆத்தா என்று அரைமணி நேரம் போய்விட்டது. அடை ஆறிவிட்டது. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை எதிர் ஃப்ளாட் தாத்தாவையும் கூப்பிடலாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அவருக்கு ஒரு தமிழ்ப் பாட்டு பாக்கி இருக்கிறது.